சாட்டை, ராட்சசி: ஸ்டாஃப் ரூம் ஏன் எதிரி முகாம்?

அரசுப் பள்ளியைக் களமாக வைத்துத் தமிழில் வந்த படங்களில் அதிகம் பேசப்பட்டவை என்றால் எம். அன்பழகனின் 'சாட்டை' (2012), கௌதம்ராஜின் 'ராட்சசி' (2019) இரண்டையும் சொல்லலாம். இரண்டுமே நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டவை. பார்த்துவிட்டுப் பழைய வாத்தியாருக்கு போன் போட்டவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். என் கேள்வி வேறு. பள்ளியை நடத்துகிற ஆளின் மனசைப் பற்றி இந்தப் படங்களுக்கு ஏதாவது தெரியுமா?

'சாட்டை'யில் சமுத்திரக்கனியின் தயாளன் இயற்பியல் ஆசிரியர். 'ராட்சசி'யில் ஜோதிகாவின் கீதா ராணி தலைமையாசிரியர், முன்னாள் ராணுவ அதிகாரி. பதவி வேறானாலும் இருவரும் செய்வது ஒரே வேலைதான். வெளியிலிருந்து வருகிறார்கள், மாணவர்களின் அன்பைச் சம்பாதிக்கிறார்கள், சக ஆசிரியர்களைத் தோற்கடிக்கிறார்கள். ஸ்டாஃப் ரூம் என்பது இந்தப் படங்களில் எதிரி முகாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சோம்பேறிகள், வம்பளப்பவர்கள். நாயகன் பேசி முடித்ததும் தலை குனிய வேண்டியவர்கள். அவர்கள் ஏன் அப்படி ஆனார்கள், எத்தனை வருஷமாக அலுத்துப்போயிருக்கிறார்கள் என்று படம் நின்று கேட்பதில்லை.

அர்லி ஹோக்‌ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் ஒரு நூல் எழுதினார். விமானப் பணிப்பெண்கள் சம்பளத்துக்காகச் சிரிப்பதையும் எரிச்சலை விழுங்குவதையும் ஆராய்ந்து, அதுவும் உழைப்புதான் என்றார். உணர்வுழைப்பு என்று சொல்லலாம். இதைக் கையில் வைத்துக்கொண்டு தாராபுரம் பக்கத்துக் கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றை நினைத்துப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். தனியாக ஒரு தலைமையாசிரியர் வேண்டுமென்றால் 150 பேருக்கு மேல் படிக்க வேண்டும். அதாவது, சின்னப் பள்ளியில் அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். பாடமும் அவர்தான், எமிஸ் பதிவும் அவர்தான், காலை உணவு, மதிய உணவு, மேலாண்மைக் குழுக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்பவரும் அவர்தான்.

இதற்கு நடுவில் வாசலில் ஒரு அம்மா வந்து நிற்பார். "ஏனுங் டீச்சர், புள்ள நேத்து அழுதுட்டே வந்துச்சுங்..." அந்த அம்மாவிடம் குரலை உயர்த்த முடியாது. அடுத்து மேலதிகாரியின் போன். அங்கே குரல் இன்னும் தாழ வேண்டும். திரும்பினால், மாமியாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருக்கும் சக ஆசிரியை. அவர் இன்றைக்கு லீவு போட்டால் ஐந்து வகுப்பும் ஒருத்தர் தலையில். அவரை "வாங்க" என்று கூப்பிடுவதா, "போய்ட்டு வாங்க" என்று அனுப்புவதா? தலைமைப் பண்பு என்பதெல்லாம் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. இங்கே சக ஆசிரியை எதிரி என்றால் பள்ளி ஒரு நாள்கூட ஓடாது.

கீதா ராணிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவருக்குத் தயக்கம் இல்லை, சோர்வு இல்லை, ரவுடிகளையும் அடிப்பார். அவரைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்று வரும் சின்னப் பையன் கதிர் இருக்கும் காட்சிகளில்தான் படம் கொஞ்சம் மூச்சு விடுகிறது. அந்த நிமிஷங்களில் அவர் முகத்தில் வேலை தெரிவதில்லை, மனுஷி தெரிகிறார். பிறகு மறுபடியும் சட்டம், வசனம், கைதட்டல். பெண் தலைமைக்கு மரியாதை வாங்கித்தர அவரை ராணுவத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே வருத்தம்தான். இருபது வருஷம் வகுப்பறையில் நின்று தலைமையாசிரியர் ஆன ஒரு டீச்சரைப் படம் நம்பவில்லை.

எனக்கு நெருக்கமானவர் 'சாட்டை'யில் ஜூனியர் பாலையா நடித்த தலைமையாசிரியர். உதவித் தலைமையாசிரியர் சிங்கபெருமாளின் ஆட்டத்துக்கு நடுவே எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பவர். படம் அவரைப் பலவீனமாகப் பார்த்துவிட்டு தயாளன் பின்னால் ஓடிவிடுகிறது. ஆனால் நல்லது எது என்று தெரிந்தும் நாற்காலியில் தனியாக இருப்பவரின் அவஸ்தை அந்த முகத்தில் இருக்கிறது. கதை அங்கேதான் இருந்தது.

இலக்கியத்தில் நிலைமை கொஞ்சம் மேல். தானும் தலைமையாசிரியராக இருந்த இரா. நடராசனின் 'ஆயிஷா', ஓர் ஆசிரியையின் குற்றவுணர்விலிருந்தே பேசுகிறது. ஜெயித்தவரின் குரல் இல்லை அது. அதனால்தான் இன்றும் உறுத்துகிறது.

சினிமாதானே, விடுங்க என்று சொல்லலாம். ஆனால் படம் பார்த்துவிட்டு ஊர் ஒரு கீதா ராணியை எதிர்பார்க்கிறது. அதிகாரியும் எதிர்பார்க்கிறார். ஒருநாள் முடியவில்லை என்று சொல்கிற தலைமையாசிரியர் அப்போது தோற்றவராகிவிடுகிறார். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009 சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஆசிரியருக்கு யார் சொன்னார்கள்? சக ஆசிரியரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ள ஸ்டாஃப் ரூம் ஒன்றுதான் இருந்தது. அதையும் நம் படங்கள் எதிரி முகாம் ஆக்கிவிட்டன.

அடுத்து ஒரு பள்ளிப் படம் எடுப்பவர், மைதானத்தில் கேமராவை வைப்பதற்கு முன், சாயங்காலம் நாலரை மணிக்குக் காலியான ஸ்டாஃப் ரூமில் இரண்டு ஆசிரியர்கள் டீ குடித்துக்கொண்டு என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வரட்டும்.