கர்ப்பிணியும் ஊசி வைத்தியமும்

வார இதழ்களின் மகளிர் பக்கங்களில் அண்மைக்காலமாக ஒருவகைக் கட்டுரை பெருகி வருகிறது. கர்ப்பகாலத்து நலவாழ்வுக்கு அக்குபங்சர் உகந்தது என்பதே அதன் பொருள். மசக்கை தணியும், இடுப்புவலி குறையும், உறக்கம் வரும், மனம் அமைதியுறும் என்று அது சொல்லிச் செல்லும். இடையிடையே உயிராற்றல், நாடிப்பாதை முதலிய சொற்கள் தூவப்பட்டிருக்கும். முடிவில், வாரம் ஒருமுறை தேர்ந்த நிபுணரிடம் செல்லுங்கள் என்னும் அறிவுரை வரும். இவ்வெழுத்தைப் பரிகசிப்பது நம் நோக்கமன்று. கதையையும் கவிதையையும் படிக்கும்போது நாம் கேட்கும் கேள்வியையே இதனிடமும் கேட்க விரும்புகிறோம்: இது யாரை நோக்கிப் பேசுகிறது?

அதற்கு முன், உண்மையை உண்மையென ஒப்புக்கொள்வோம். ஊசி வைத்தியம் முழுப்பொய் அன்று. மணிக்கட்டின் உட்புறத்து மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் கீழே, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே உள்ள இடத்தைச் சீனர் நெய்குவான் என்பர். அங்கே ஊசியிட்டாலும் விரலால் அழுத்தினாலும் குமட்டல் தணிகிறதென்பது பலர் கண்ட அனுபவம். கர்ப்பகாலக் குமட்டலுக்கு இது பயன்படக்கூடும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1997இல் கூட்டிய நிபுணர் குழுவும் கருத்துரைத்தது. ஆனால் 2002இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 593 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று வெளிவந்தது. நமது கட்டுரையாளர்கள் அதனை எடுத்துரைப்பதில்லை. முறையாக ஊசியிடப்பட்டவர்களுக்கு முதல் வாரத்திலேயே குமட்டல் குறைந்தது. பொய்யான இடங்களில் ஊசியிடப்பட்டவர்களுக்கோ மூன்றாம் வாரத்தில் குறைந்தது. ஒன்றுமே செய்யப்படாதவர்கள்தாம் பின்தங்கினர்.

பொய் ஊசியும் குணந்தருமாயின், குணந்தந்தது எது? நாடிப்பாதை என்று சொல்லித் தப்பிவிட முடியாது. வாரந்தோறும் ஒருவர் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்தார். எங்கே வலிக்கிறது, நேற்று என்ன உண்டாய் என்று கேட்டார். அவள் சிறிதுநேரம் அசையாது கிடந்தாள். மருந்தின் பெரும்பகுதி இதுவாகவே இருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். இனி நாம் சொல்லவிருப்பதெல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது.

இந்த ஊசி எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். 1965க்குப் பின் சீனத்தின் கிராமங்களுக்குச் சென்ற வெறுங்கால் வைத்தியர்களின் பையில் சில மாத்திரைகளோடு இருந்த பொருள் அது. பணமில்லாத நாடு, மருத்துவரைக் காணாத குடியானவனுக்கென்று எடுத்த கருவி. இலங்கைக்கும் அது முதலில் ஏழைகளின் வாயில் வழியாகவே வந்தது. சீனத்தில் பயின்று திரும்பிய மருத்துவர் அன்ரன் ஜயசூரிய, கட்டணமில்லாத அரசாங்க மருத்துவமனையான களுபோவிலயில் ஊசிச் சிகிச்சை நடத்தினார். வெளிநாட்டு மருத்துவர்களும் அங்கு வந்து கற்றனர். சீனத்துப் பொருள் என்றதும் நம்மவருள் சிலர் கைதட்டினர், சிலர் முகஞ்சுளித்தனர். இரு சாராருமே நோயாளியைப் பார்க்கவில்லை. இன்றோ அதே ஊசி குளிரூட்டிய அறையும் நறுமண எண்ணெயும் சேர்ந்த உல்லாசப் பண்டமாக விற்கப்படுகிறது.

இப்பொழுது சப்ரகமுவவுக்கு வருவோம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட பகுதிகளில் றப்பர். இறக்குவானை, பலாங்கொடைப் பக்கம் தேயிலை. நுவரெலியாவைப் போலத் தமிழர் பெருந்திரளாக வாழும் நிலமன்று இது. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிய லயங்களில் வாழ்கிறார்கள். ஆகவே மலையகம் என்றதும் எழுதுவோரின் கண் இங்கே விழுவது அரிது. மூன்றுமாதக் கர்ப்பிணி ஒருத்தி விடியுமுன் பால்வெட்டச் செல்கிறாள். ஒட்டுப்பாலின் நாற்றமே போதும், வயிற்றைப் புரட்டுவதற்கு. வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி இறங்க வேண்டும். தேயிலைத் தோட்டத்திலென்றால் கூடையின் கயிறு நெற்றியில் கிடக்கும்; பாரமெல்லாம் முதுகுக்கும் இடுப்புக்கும் இறங்கும். இவளுடைய இடுப்புவலிக்கு ஊசியிடலாம். கூடை நாளையும் அங்கேதான் இருக்கும்.

நிபுணரிடம் வாரம் ஒருமுறை செல் என்கிறது கட்டுரை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மாதாந்தக் கர்ப்பிணிச் சிகிச்சை நிலையத்துக்குப் போவதே அவளுக்கு ஒரு நாட்கூலியின் இழப்பு. பேருந்துச் செலவு வேறு. அங்கே பேசப்படும் மொழி பெரும்பாலும் சிங்களம். எங்கே வலிக்கிறது என்று கேட்கவும், அவள் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் தமிழறிந்த மருத்துவமாது இல்லையென்றால், அடிலெய்டில் பொய் ஊசிக்காரிக்குக் கிடைத்ததுகூட இவளுக்குக் கிடையாது.

இரத்தச்சோகையைப் பற்றி அக்கட்டுரைகளில் ஒரு வரி இல்லை. களைப்பு, தலைச்சுற்றல், மூச்சிரைப்பு என்று அவை அடுக்கும் இன்னல்களுள் பாதி, இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்கள். அவற்றை ஊசிமுனையால் தணிப்பதாகச் சொல்வது பேதைமை மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். சற்றே இதமாக இருக்கிறதென்று அவள் இரத்தப் பரிசோதனைக்குப் போகாதிருந்துவிடக்கூடும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர் என்றது. நாடு முழுவதற்குமான அளவு 17.3 சதவீதமே. இந்தக் குறுகல் பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே தொடங்குவது. 1973 முதல் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்பட்டு வந்த திரிபோஷா மாவும் 2022இன் நெருக்கடியில் தட்டுப்பட்டபோது, மகளிர் பக்கங்கள் எத்தனை கட்டுரை எழுதின?

ஆயின் ஊசியே வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. மணிக்கட்டில் அழுத்தும் முறையைக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதும், காசு வேண்டாம், பால்வெட்டும் பெண் மரத்தடியில் நின்றே செய்துகொள்ளலாம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள ஹெகு என்னும் இடத்தைக் கர்ப்பிணிக்குத் தொடலாகாதென்று மரபே விலக்கியிருப்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். இதை யாராவது தமிழில், லயத்துப் பெண்ணுக்கு விளங்கும் நடையில் எழுதினார்களா என்றால் இல்லை. உயிராற்றலைப் பற்றி எழுதத்தான் ஆளிருக்கிறது.

அறிவுரைகளுள் மிக இனியது, நன்றாக ஓய்வெடுங்கள் என்பது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டத்தின்படி பெறும் விடுமுறை 84 நாள். மூன்றாம் பிள்ளைக்கும் அவ்வளவே உண்டென்பது 2018இன் திருத்தத்தால்தான் வந்தது. அந்த 84இல் பேற்றுக்கு முன்னுள்ளவை 14 நாள். அதுவரை அவள் மலைச்சரிவில் நிற்கிறாள், கொழுந்தின் நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொண்டு.