மாடி வச்ச ப்ளேன்

ஜம்போவைப் பற்றி அளவாகப் பேசு என்றால் அதற்கு நான் ஆள் இல்லை. ஜம்போ என்று பேர் வாங்கிய போயிங் 747-ஐ மிஞ்சிய பயணிகள் விமானம் இதுவரை பறந்ததில்லை. இனிப் பறக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. ஏ380 அதைவிடப் பெரிது என்பார்கள். பெரிதுதான். ஆனால் ஏ380 போனால் அண்ணாந்து பார்ப்பார்கள். ஜம்போ போனால் பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். விமானம் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் அடையாளம் தெரிந்த ஒரே விமானம் அதுதான்.

எங்கள் குரும்பலூரில் நின்று பார்த்தால் மேற்கே பச்சைமலை, சுற்றிலும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் காடு. பக்கத்து விமான நிலையம் திருச்சி. அங்கே இருக்கும் ஓடுபாதை பாரம் ஏற்றிய ஜம்போவுக்குக் காணாது. இருந்தும் ஜம்போ எங்கள் ஊருக்குத் தெரிந்த பேர்தான். எங்கள் பெரம்பலூர் வட்டாரத்தில் தெருவுக்கு நாலு பேராவது வெளிநாட்டில் இருப்பார்கள். எண்பதுகளில் சவுதியிலிருந்து பம்பாய் வழியாக ஊர் திரும்பிய என் பெரியப்பா, திண்ணையில் உட்கார்ந்ததும் முதலில் சொன்ன சேதி இது: "டேய், அந்த ப்ளேனுக்குள்ள சுத்திச் சுத்திப் போற மாடிப்படி இருக்குடா. மேல ஒரு மாடியே வச்சிருக்கான்!" கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

ஏர் இந்தியாவுக்கு முதல் ஜம்போ 1971-இல் வந்தது. பெயர் 'பேரரசர் அசோகர்'. அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் பேரரசர்களின் பெயர்களே. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் அரண்மனை மாடங்களின் வளைவுகளைச் சிவப்பில் தீட்டி, 'வானத்தில் உங்கள் அரண்மனை' என்று விளம்பரம் செய்தார்கள். ஷாஜகான், விக்கிரமாதித்தன், அக்பர் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் வரும்போது மட்டும் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ராஜேந்திர சோழன்! கங்கைகொண்ட சோழபுரம் எங்கே இருக்கிறது? எங்களுக்குப் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்கு அருகில். கப்பலில் படை அனுப்பிக் கடாரத்தை வென்றவனின் பெயர், ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு ஜம்போவின் மூக்கில் ஏறியிருக்கிறது. பல்லவர்களையும் விட்டுவைக்கவில்லை. 747-200 ஒன்றுக்கு மகேந்திரவர்மன் பெயர். பின்னால் வந்த 747-300 ஒன்றுக்கு மகன் நரசிம்மவர்மன் பெயர். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, வரலாறு படித்தவர். 1993 முதல் 747-400 வரத் தொடங்கியதும் மன்னர்கள் போய் ஊர்கள் வந்தன: கோனார்க், தஞ்சாவூர், கஜுராஹோ, அஜந்தா, ஆக்ரா, பழைய கோவா.

அந்தப் பெயர்களோடு துக்கமும் சேர்ந்தே வருகிறது. 1978 புத்தாண்டு இரவில் 'அசோகர்' பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேர் போனார்கள். 1985 ஜூன் 23-இல் 'கனிஷ்கா'வில் வெடித்த குண்டு 329 உயிர்களைக் கொண்டுபோனது. ரசிகன் என்பதற்காக இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது.

சரி, அந்த மாடி ஏன் வந்தது? அழகுக்காக வைத்ததில்லை. அறுபதுகளில் ஜோ சட்டர் தலைமையில் போயிங் பொறியாளர்கள் இதை வடிவமைத்தபோது, வருங்காலத்தில் பயணிகளெல்லாம் ஒலியை மிஞ்சும் விமானங்களில்தான் போவார்கள் என்று உலகமே நம்பியது. அப்படி நடந்தால் ஜம்போ சரக்கு சுமந்தாவது பிழைக்க வேண்டும். மூக்கைத் தூக்கித் திறந்து நேராகச் சரக்கு ஏற்ற வேண்டுமென்றால் விமானி அறை வழியில் இருக்கக் கூடாது. தூக்கி மேலே வைத்தார்கள். அதன் பின்பக்கம் காற்றுக்கு இசைவாகச் சரிந்து இறங்க வேண்டியிருந்ததால் அங்கே கொஞ்சம் இடம் மிஞ்சியது. அந்த மிச்சம்தான் மாடி. ஜல்லிக்கட்டுக் காளைக்குத் திமில் எப்படியோ அப்படி. அதைப் பார்த்துத்தான் கூட்டம் கத்தும். ஒலியை மிஞ்சிய கான்கார்டு 2003-இல் ஓய்ந்தது. பிழைப்புக்கு வழி தேடி வைத்த ஜம்போ அதற்குப் பிறகும் பறந்தது.

இனி என் கதை. 2018 தீபாவளி நெரிசலுக்காக, வெளிநாட்டுக்குப் போகிற ஜம்போவை டெல்லி–மும்பைத் தடத்தில் நவம்பர் முதல் தேதியிலிருந்து சில நாள் விடுவதாக ஏர் இந்தியா அறிவித்தது. மும்பையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. டெல்லியிலும் இல்லை. டிக்கெட் போட்டேன்.

மொத்தம் 423 இருக்கைகள். முதல் வகுப்பில் 12, பிசினஸில் 26, மீதி 385-உம் நம்மைப் போன்றவர்களுக்கு. உள்ளே நுழைந்ததும் அகலம்தான் முதலில் அடிக்கிறது. வரிசைக்குப் பத்துப் பேர், நடுவே இரண்டு நடைபாதை. பின்னால் திரும்பிப் பார்த்தால் முடிவு தெரியவில்லை. 70 மீட்டர் நீளமல்லவா! இனிப்புப் பெட்டிகளை மேலே திணித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் நான் மட்டும் மாடிப்படி எங்கே என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 747-400-இல் சுருள்படி கிடையாது, நேர்ப்படிதான். என் ஆவலைப் பார்த்த பணிப்பெண், "மேலே போக முடியாது சார், ஆனா படிகிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். எடுத்தேன். என் கைபேசியில் இன்றுவரை அதுதான் முகப்புப் படம்.

பிறகு அந்தப் புறப்பாடு! முழுப் பாரத்தோடு 747-400 கிட்டத்தட்ட 397 டன் இருக்கும். மும்பைக்குப் போக எண்ணெய் கொஞ்சம் போதும் என்பதால் அன்றைக்கு உடம்பில் கனமில்லை. நான்கு எஞ்சினும் சேர்ந்து ஒரு ஆழ்ந்த குரலில் உறுமின. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு பெரிய உருவம் இவ்வளவு சீக்கிரம் தரையை விட்டுவிடும் என்று நான் நினைக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே இறக்கையின் நுனி மெதுவாக மேல்நோக்கி வளைந்தது; விமானத்தையே இறக்கை தூக்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இறங்கும்போது அதைவிட வேடிக்கை. இறக்கையின் பின்விளிம்புத் தகடுகள் மூன்று அடுக்காகப் பிரிந்து கீழே இறங்கின. இடுக்கு வழியாக மும்பையின் கூரைகள் தெரிந்தன. பதினெட்டுச் சக்கரங்களும் தரையைத் தொட்டபோது பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்: "முதல் தடவையா ப்ளேன்ல வர்றீங்க?" ஆமாம் என்றே சொல்லிவிட்டேன். விளக்கப் புகுந்தால் அவர் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

2020 பிப்ரவரியில் கொரோனா பரவிய வூஹானிலிருந்து நம்மவர்களை அழைத்துவரப் போனதும் ஜம்போதான். முதல் நடையில் மட்டும் 324 பேர். பிரதமர்களைச் சுமந்த வேலை அதே ஆண்டில் போயிங் 777-க்குப் போனது. காரணம் எளிது. ஜம்போவுக்கு மணிக்குப் பத்து டன்னுக்கு மேல் எண்ணெய் வேண்டும். 777 ஏறக்குறைய அதே வேலையை இரண்டே எஞ்சினில், குறைந்த எண்ணெயில் செய்துவிடுகிறது. கணக்குப் பிள்ளை சொல்வது சரி. எனக்குத்தான் கணக்கு பிடிக்காது. 2021 மார்ச்சில் டெல்லியிலிருந்து மும்பைக்கு வந்ததோடு ஏர் இந்தியா ஜம்போவின் பயணிகள் சேவை முடிந்தது.

2024 ஏப்ரல் 22 காலையில் 'ஆக்ரா' மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குக் கடைசியாகக் கிளம்பியது. ஏறியதும் விமானி இறக்கைகளை மாறி மாறித் தாழ்த்தி விடை சொன்னார். அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்ட என் மனைவி, "பழைய இரும்புக்குப் போற ப்ளேனுக்கா கண்ணு கலங்குறீங்க? வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டா மட்டும் வரமாட்டீங்க" என்றாள். பதில் சொல்லவில்லை. வீடியோவை இன்னொரு முறை ஓட்டினேன்.

1,574 ஜம்போ செய்த பிறகு, 2023 தொடக்கத்தில் கடைசி ஒன்றைக் கொடுத்துவிட்டு போயிங் அந்தக் கணக்கை மூடிவிட்டது. ஆனால் லுஃப்தான்சா இன்னும் 747-இல் பயணிகளை ஏற்றுகிறது. ஒரு காலத்தில் அவர்களுடைய 747-400 நள்ளிரவில் சென்னை மீனம்பாக்கத்துக்கே வந்து போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனிப் பக்கம் போகிற பிள்ளைகள் யாராவது இருந்தால் டிக்கெட் போடும் முன் விமானத்தின் பெயரைப் பாருங்கள். 747 என்று இருந்தால் நூறு, இருநூறு கூடப் போனாலும் யோசிக்காதீர்கள். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னல் இருக்கை கேட்டு வாங்குங்கள். இறங்கும் நேரத்தில் தூங்கிவிட்டு என்னிடம் வந்து குறை சொன்னால் நான் பொறுப்பில்லை.