அவரை காய்க்கும் காலம்

ஆடிப்பெருக்குக்கு முன்னால் பந்தலோரம் குழி எடுத்து, மக்கிய சாணம் கலந்து, நாட்டு அவரை விதையை ஊன்றிவிட வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. அதன்பின் மாதக்கணக்கில் கொடி இலையாகவே படரும். எவ்வளவு உரம் போட்டாலும் அவசரப்படாது. பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் அந்தக் கொடி பூங்கொத்தை நீட்டும். எழுதுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை பெரிய கொடை என்பேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. விடிகாலை முழுவதும் கட்டுரைக்கே.

பூ வந்ததும் அசுவினி வந்துவிடும். நுனிக் கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது பிள்ளைகளின் வேலை; அவர்கள் அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தை பிறந்தால் காய் குவியும். முறத்தைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் நார் உரிப்போம். அம்மா ஊர்க்கதை சொல்வார், யாராவது ஒருவர் புத்தகத்தை உரக்க வாசிப்பார். 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி வருவது எங்கள் வீட்டுக்கு எவ்வளவு வசதி! காய்க்கூடையும் புத்தகப்பையும் ஒரே வாரத்தில் நிறைகின்றன.

சித்திரையில் பந்தல் வெறுமையாகிவிடும். பிள்ளைகளுக்கு விடுமுறை. அந்த மாதம் நான் எதையும் எழுதுவதில்லை. அதுதான் சரி என்று நினைக்கிறேன். தடித்த நாவல்களைக் கோடைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். சென்ற முறை தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை மகளும் நானும் மாற்றி மாற்றி வாசித்து, யமுனாவைப் பற்றி மதியமெல்லாம் வாதாடினோம்.