ஈரக் கைக்கு எந்தப் பாய்?

மே மாதம், காலை ஆறரை மணி, சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. மூன்றாவது சூரிய நமஸ்காரத்தில், அதோமுக ஸ்வானாசனத்தில் நிற்கும்போது இரண்டு கைகளும் முன்னால் வழுக்கிக்கொண்டு போயின. முழங்காலை ஊன்றியதால் தாடை தப்பியது. பாய் வந்த உறையில் ‘வழுக்காதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த உறையை எழுதியவருக்குக் கை வியர்க்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் தேடிப் படித்தபோது, நினைத்தது ஏறக்குறைய உண்மைதான் என்று தெரிந்தது. ஒட்டிப் பிடிக்கும் யோகா மேட்டுக்குத் தொடக்கப்புள்ளி ஏஞ்சலா ஃபார்மர் என்ற யோகா ஆசிரியை. இளவயதில் செய்துகொண்ட ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்குக் கையிலும் காலிலும் வியர்வையே வராது. உலர்ந்த கை தரையைப் பிடிக்காமல் நழுவும். ஜெர்மனியில் வகுப்பெடுக்கப் போனவர், தரைக்கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் ரப்பர் வலைத்துண்டு ஒன்றை வெட்டி அதன்மேல் நின்று பார்த்தார். பிடித்தது. உலகமெங்கும் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்களே, அந்தச் சாமானின் பூர்வீகம் இதுதான். வியர்க்காத கைக்குச் செய்த மருந்தை, பல் தேய்க்கும்போதே வியர்க்கும் ஊரில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே இந்த முறை ஈரக் கையை வைத்தே சோதித்தேன். வழுக்கிய பழைய பாயோடு இன்னும் இரண்டு பாய் வாங்கினேன், இரண்டு பாய் வகுப்புத் தோழர்களிடம் இரவல், வீட்டுக் கோரைப்பாய் ஒன்று. மூன்று மாதம் மாற்றி மாற்றி அதே ஆசனங்கள். ஹாலில் மொசைக் தரை, மாடியில் சிமென்ட். கையை ஊன்றிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பத்து மூச்சு நின்றபின் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தேன். வழுக்கலில் இரண்டு வகை உண்டு என்பது இதில்தான் புரிந்தது. பாய்மேல் கை வழுக்குவது ஒன்று, தரைமேல் பாயே வழுக்குவது இன்னொன்று. கடையில் பாயைத் தடவிப் பார்க்கும்போது இரண்டுமே தெரியாது. இரண்டும் இல்லாமல் பாய் ரப்பர் பேண்டு மாதிரி இழுபடுவதும் உண்டு. அது இன்னும் மோசம்.

இழுபட்டது 10 மி.மீ. நுரைப்பாய். என்.பி.ஆர். என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். விலை ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கம். மெத்தை மாதிரி இருப்பதால் கடையில் முதலில் கை போவது இதன்மேல்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். உஷ்ட்ராசனத்தில் முழங்காலுக்கு அவ்வளவு சுகம், அதை மறுக்கவில்லை. ஆனால் விருக்ஷாசனத்தில் ஒற்றைக்காலில் நின்றால் பாதம் புதைகிறது, கணுக்கால் நடுங்குகிறது, தப்பு நம்முடையது என்று தோன்றுகிறது. வீரபத்ராசனத்தில் காலை அகட்டினால் பாயும் கூடவே நீள்கிறது. சாக்பீஸ் கோட்டிலிருந்து என் கை நான்கு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. கனம் கூடினால் நல்லது என்பதுதான் இந்த வியாபாரத்தின் பெரிய ஏமாற்று. நின்று செய்யும் ஆசனங்களுக்கு 4 மி.மீ. போதும், மிஞ்சினால் 6. முழங்கால் வலிக்கிறவர்கள் முழங்காலுக்கு அடியில் மட்டும் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

என் தாடையைப் பதம் பார்க்க வந்தது பி.வி.சி. பாய். உலர்ந்திருக்கும்போது நன்றாகவே பிடிக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும். வியர்வையை உறிஞ்சாது, அதுதான் அதன் பலமும் பலவீனமும். துடைத்தால் சுத்தம், துடைக்காவிட்டால் ஐஸ் ரிங்க். புதுப் பாயின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும், கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் கொஞ்சம் குறையும். இந்த வகையில் பேர்போனது மண்டூகா என்ற அமெரிக்க நிறுவனத்தின் 6 மி.மீ. கறுப்புப் பாய். கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ. தவளையின் பெயரை வைத்துக்கொண்டு தாவ முடியாத எடை! பஸ்ஸில் வகுப்புக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். பி.வி.சி.யை மென்மையாக்கத் தாலேட் என்ற ரசாயனங்களைச் சேர்ப்பதுண்டு. அவை இல்லாதது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டி.பி.இ. என்ற செயற்கைப் பொருளில் செய்த பாய் எடை குறைவு, வாடையும் கிடையாது. ஆனால் நகம் பட்டாலே தழும்பு விழுகிறது. மாடிச் சூட்டில் ஒரு வாரத்தில் ஓரம் சுருண்டது. ஏசி அறை வகுப்புக்குச் சரி.

இயற்கை ரப்பர் பாய்க்கு வருகிறேன். பிரித்த அன்று வீடு முழுக்க சைக்கிள் டியூப் கடை வாசனை. பத்து நாள் நிழலில் தொங்கவிட்ட பிறகுதான் வீட்டார் சமாதானமானார்கள். 4 மி.மீ. கனம், எங்கள் வீட்டுத் தராசில் இரண்டேகால் கிலோ. மொசைக் தரையை அப்படியே கவ்விக்கொண்டது, இழுத்தாலும் நகரவில்லை. சாக்பீஸ் கோட்டிலிருந்து கை அரை விரற்கடைதான் நகர்ந்தது. விலை மூவாயிரத்தைத் தாண்டும். ஆனால் ரப்பருக்கு இரண்டு எதிரிகள் உண்டு, இரண்டும் நம் வீட்டில் தாராளம். ஒன்று வெயில். துவைத்த துணி மாதிரி கொடியில் போட்டால் சில மாதங்களில் வெடிப்பு விடும். இன்னொன்று எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு சவாசனத்தில் படுத்தால் ரப்பர் ஊறி உப்பத் தொடங்கும். மேலே பாலியூரித்தேன் பூசிய ரப்பர் பாய்கள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எண்ணெய்க் கறை போகவே போகாது. லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ரப்பரே ஆகாது.

தக்கைப் பாய்க்கு விசித்திரமான குணம். உலர்ந்திருந்தால் நழுவும், நனைந்தால் பிடிக்கும். நம் ஊருக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் முதல் ஐந்து நிமிடம், வியர்வை வரும்வரை, தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்ய வேண்டியிருந்தது.

கோரைப்பாயை ஒப்புக்குத்தான் சேர்த்தேன். அதோமுக ஸ்வானாசனத்தில் அதன்மேல் நிற்கவே முடியவில்லை. பாயும் நழுவுகிறது, பாதமும் நழுவுகிறது. ஆனால் பிராணாயாமத்துக்கும் சவாசனத்துக்கும் மற்ற ஐந்தும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. முதுகில் புழுக்கமில்லை, ஒட்டலில்லை. கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடையில்தான் 1887இல் சுவாமி சிவானந்தா பிறந்தார். ரிஷிகேசத்தில் இருந்து உலகத்துக்கு யோகம் அனுப்பியவர் பாய் ஊர்க்காரர் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ரப்பர் பாயில் மிச்சமிருந்த அரை விரற்கடை வழுக்கலையும் தீர்த்து வைத்தது யோகா கடைச் சரக்கே அல்ல. மைசூர் அஷ்டாங்க யோகா வகுப்புகளில் பாய்மேல் பருத்தி விரிப்பு போடும் வழக்கம் உண்டு. ‘மைசூர் ரக்’ என்ற பெயரில் இணையத்தில் அது நல்ல விலைக்குப் போகிறது. பார்த்தால், நம் பவானி ஜமுக்காளத்துக்குத் தங்கச்சி. கல்யாண வீட்டில் வரிசையாக உட்கார்த்திச் சாப்பாடு போட விரிப்பார்களே, அந்தக் குறுகலான பந்தி ஜமுக்காளத்தில் ஒரு துண்டைப் பரணிலிருந்து எடுத்து ரப்பர் பாயின்மேல் விரித்தேன். கை, கால் வைக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்தேன். வியர்க்க வியர்க்கப் பிடி கூடியது. கோடும் கையும் கடைசிவரை ஒரே இடத்தில் இருந்தன. வாரம் ஒருமுறை துவைத்து வெயிலிலேயே காயப்போடலாம், தலை எண்ணெயையும் அது வாங்கிக்கொள்ளும். ஓர் எச்சரிக்கை: செயற்கைப் பட்டு நூலில் நெய்ததும் ஜமுக்காளம் என்றே விற்கிறது. அது வழுக்கும். பருத்திதானா என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்கப் போகிறவர்கள் நீளத்தையும் பாருங்கள். சாதாரணப் பாய் 173 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம். ஆறடி ஆளுக்குச் சவாசனத்தில் தலையோ குதிகாலோ வெளியே கிடக்கும். 180 செ.மீ.க்கு மேல் உள்ளதும் கிடைக்கிறது, கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இரவல் பாய்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. 10 மி.மீ. நுரைப்பாயை நான்கு துண்டாக வெட்டினேன். ஒன்று என் முழங்காலுக்கு. ஒன்றை அம்மா பூஜையறைக்கு எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டும் வாஷிங் மெஷினுக்கு அடியில். இப்போது சத்தம் குறைவு.