அறுபது பேரும் 6,670 இணைப்புகளும்

ஒகனோபொஸ்பேற் பீடைநாசினி நச்சிலிருந்து பிழைத்தவர்களின் சிந்தனைத் திறனை, மூளை மின்னலைகளைக் கொண்டு பேராதனை மருத்துவ பீட ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அதே வினாவை நாளை எம்.ஆர்.ஐ. இணைப்பு வரைபடத்தால் கேட்டால், ஸ்கான் எடுப்பதைவிடப் பகுப்பாய்வு முறையைத் தேர்வதே பெரும்பாடாகும்.

நோயாளர் 30, ஒப்பீட்டுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். கண்டியில் முதுமாணி ஆய்வொன்றுக்கு அதுவே அதிகம். பெரிதும் பயன்படும் ஏ.ஏ.எல். அட்லஸ் மூளையை 116 பகுதிகளாகப் பிரிக்கிறது. சோடி சோடியாக எண்ணினால் 6,670 இணைப்புகள். ஒவ்வொன்றையும் 5 சதவீத மட்டத்தில் தனித்தனியே சோதித்தால், வேறுபாடே இல்லாதபோதும் 330க்கு மேற்பட்ட 'வேறுபாடுகள்' வந்து நிற்கும். சோதனைகளின் எண்ணிக்கைக்கேற்ப மட்டத்தை இறுக்கும் பொன்ஃபரோனி திருத்தம் போட்டாலோ, பொய்யோடு மெய்யும் போய்விடும். இணைப்புகளை ஒருசேரப் பார்க்கும் முறைகளை நாடுவது இதனால்தான்.

அவற்றில் கவர்ச்சி மிக்கது கனோனிக்கல் இணைபு. மூளையையும் நோய்க்குறிகளையும் சேர்த்தே பார்த்து, இரண்டும் மிக நெருங்கும் எடைகளைத் தேடித் தரும். சிறிய பலமல்ல. ஆனால் ஆட்கள் குறைந்து மாறிகள் பெருகினால், அது எதையும் எதோடும் பொருத்திக் காட்டிவிடும். ட்ரைஸ்டேல் குழுவினர் 2017இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் மனச்சோர்வை நான்கு வகையாகப் பிரித்தது இம்முறையை நம்பித்தான். 2019இல் டிங்கா குழுவினர் 187 நோயாளரிடம் அதே வழியில் போனார்கள். கண்ட உறவு புதிய தரவில் நிற்கவில்லை. நோய்க்குறியோடு ஒத்துப்போகும் இணைப்புகளை முன்கூட்டியே பொறுக்கிவிட்டு, பிறகு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பதில்தான் கோளாறு. வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவதுபோல!

ஸலெஸ்கி, ஃபோர்னிட்டோ, புல்மோர் மூவரும் 2010இல் தந்த வலையமைப்புச் சோதனை அடக்கமானது. ஒரு வெட்டெல்லையைத் தாண்டும் இணைப்புகள் தொடுத்து நிற்கும் கொத்தை எடுத்து, குழுப் பெயர்களை ஆயிரக்கணக்கான தடவை கலைத்துப்போட்டாலும் அவ்வளவு பெரிய கொத்து வருமா என்று பார்க்கும். தீர்ப்பு கொத்துக்குத்தான், உள்ளிருக்கும் தனி இணைப்பொன்றைச் சுட்டிப் பேச அதற்கு உரிமையில்லை. சிதறிக் கிடக்கும் மாற்றமும் தப்பிவிடும். வெட்டெல்லை ஆய்வாளர் கையில் இருப்பதால், விரும்பிய விடை வரும்வரை அதை நகர்த்தும் சபலமும் உண்டு.

ஸ்கானின்போது நேரும் தலையசைவை இவற்றில் எந்த முறையாலும் தானாகச் சரிக்கட்ட முடியாது. மில்லிமீற்றருக்கும் குறைந்த அசைவே பொய் இணைபுகளை உண்டாக்கும் என்று 2012இல் பவர் குழுவினர் காட்டினார்கள். நஞ்சால் பாதிக்கப்பட்டவர்கள் கூடுதலாக அசைந்தால், நாம் அளப்பது மூளையையல்ல, கழுத்தை.

அறுபது பேருக்கு என் தேர்வு வலையமைப்புச் சோதனைதான். ஆனால் வெட்டெல்லையை முதல் ஸ்கானுக்கு முன்பே எழுதிப் பதிவுசெய்துவிட வேண்டும். பல நிலையங்களின் தரவு ஒன்றுசேரும்வரை கனோனிக்கல் முறையைத் தொட வேண்டாம்.