லைற்ஹில் அறிக்கை: ஆய்வுக்கு ஆதரவளித்தல் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு நூலைத் திறனாய்வோர் பிழைபடின் அந்நூல் ஒன்றுக்கே இழுக்கு. ஒரு துறையைத் திறனாய்வோர் பிழைபடின், அத்துறையிலே தோன்றவேண்டிய நூல்கள் தோன்றாமலே போதலுங்கூடும். பிரித்தானியாவிலே 1973ஆம் ஆண்டு வெளிவந்த ஓரறிக்கை இதற்கு எடுத்துக்காட்டாய் நிற்கின்றது. ‘செயற்கை நுண்ணறிவு: ஒரு பொது மதிப்பாய்வு’ எனப் பொருள்படும் தலைப்பினையுடைய அதனை எழுதியவர் சேர் ஜேம்ஸ் லைற்ஹில். அதன் சிறப்பையும் குறையையும் ஆராய்ந்து, கணனியியல் ஆய்வுக்குப் பொருளுதவி செய்வோர் கைக்கொள்ளத்தக்க நெறி யாது எனக் காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லைற்ஹில் கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகத்திலே, முன்னர் நியூற்றன் வகித்த லூக்காசியன் கணிதப் பேராசிரியர் பதவியை வகித்தவர். காற்றினதும் நீரினதும் இயக்கம் பற்றிய கணிதத்திலே பெரும்புலமை வாய்ந்தவர். செயற்கை நுண்ணறிவு அவருடைய துறையன்று. அத்துறைக்கு மானியம் வழங்கிய விஞ்ஞான ஆராய்ச்சி மன்றம், துறைக்குப் புறத்தே நின்று நோக்கும் ஒருவருடைய கருத்தை வேண்டியே அவரை அணுகியது. இரண்டு மாதகாலம் நூல்களைப் படித்தும் ஆய்வாளரோடு உரையாடியும், துறைசாராத ஒருவருக்குத் தோன்றியவாறே எழுதியதாக அறிக்கையின் தொடக்கத்தில் அவரே கூறுகின்றார். அந்நேர்மை பாராட்டற்பாலது. ஆயினும், இரண்டு மாதப் படிப்பு ஒரு துறையின் இருபத்தைந்தாண்டு உழைப்புக்குத் தீர்ப்புக் கூறப் போதுமா என்னும் ஐயம் முதலடியிலேயே எழாமற் போகாது.

அறிக்கை துறையினை மூன்றாகப் பகுக்கின்றது. தொழிற்சாலை முதலியவற்றுக்குப் பயன்படும் உயர்தானியங்கு முறைகள் ஒருபுறம். கணனியைத் துணையாகக் கொண்டு மூளையையும் நரம்புத் தொகுதியையும் ஆராய்தல் மறுபுறம். இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது றோபோ அமைத்தல். இரு கரைகளும் உறுதியானவை, ஆதரவுக்குரியவை. பாலமோ பாரந் தாங்காது என்பது லைற்ஹிலின் முடிபு. வருங்காலத்திலே கரைகள் தத்தம் அயற்றுறைகளோடு சேர்ந்து வளரும் என்றும், பாலம் தளர்ந்து மறையும் என்றும் அவர் எதிர்பார்த்தார்.

இம்முடிபுக்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று மிக வலியது. சதுரங்கத்தில் ஒரு நிலையிலே ஏறக்குறைய முப்பது நகர்வுகள் இயலுமெனக் கொள்வோம். எதிராளிக்கும் அவ்வாறே முப்பது. இருவரும் இவ்விரண்டு முறை காய் நகர்த்துமுன் ஆராயவேண்டிய வழிகள் எட்டு இலட்சத்தைத் தாண்டிவிடும். சிறு உலகிலே திறம்படச் செயற்படும் முறை, உலகு சற்று விரிந்தவுடன் இவ்வாறு பெருகும் வழிகளிலே மூழ்கிவிடுகின்றது. ஆய்வாளர் முன்னர் கூறிய பெருவாக்குகளுக்கும் கண்ட பயனுக்கும் இடையே இருந்த தூரத்தை அவர் சுட்டியதும் தவறன்று. வாக்கை மிகுத்துக் கூறி மானியம் பெறும் துறை, ஒருநாள் அவ்வாக்கினாலேயே அளக்கப்படும்.

அறிக்கையின் குறைகள் மூன்று. முதலாவது, ஆய்வை விடுத்து ஆய்வாளரின் உள்நோக்கத்தை ஆராயப் புகுந்தமை. மகப்பேறு வாய்க்காத ஆடவர் அக்குறையை நிரப்புதற்கே றோபோ அமைக்கின்றனரோ என்னும் ஊகத்தையும் லைற்ஹில் எழுதியுள்ளார். உறுதியற்ற கருத்தென அவரே கூறினாலும், மதிப்பீட்டறிக்கையில் அதற்கு இடமில்லை.

இரண்டாவது, பாலம் இல்லையென்று அவர் கண்டமை. எடின்பரோப் பல்கலைக்கழகத்து டொனால்ட் மிச்சி 1960களின் தொடக்கத்திலே, கணனி கைக்கெட்டாத நிலையில், 304 நெருப்புப்பெட்டிகளைக் கொண்டு ஒரு ‘கற்கும் பொறி’ அமைத்தார். ஒன்பது கட்டங்களில் வட்டமும் புள்ளடியும் இட்டு ஆடும் விளையாட்டை அது ஆடியது. பெட்டிகளுள் வண்ணமணிகள் இருந்தன. வென்ற நகர்வுக்கு மணி கூட்டப்பட்டது. தோற்ற நகர்வுக்குக் குறைக்கப்பட்டது. ஆடஆடப் பெட்டிகள் திறமை பெற்றன. இது தொழிற்கருவியா? மூளையாராய்ச்சியா? இரண்டுமன்று, ஆனால் இரண்டுக்கும் ஒளிதருவது. 1973ஆம் ஆண்டளவில் எடின்பரோவின் ‘பிறெடி’ என்னும் றோபோ, குவித்துக் கிடந்த மரத்துண்டுகளைக் கண்டறிந்து விளையாட்டுக் காரையும் படகையும் பொருத்தியது. மேலும், லைற்ஹிலின் அறிக்கையோடு ஒருங்கே அச்சிடப்பட்ட மறுமொழிகளுள் ஒன்றிலேயே கிறிஸ்தோபர் லொங்கே-ஹிகின்ஸ் ‘அறிகை விஞ்ஞானம்’ என்னும் பெயரை வழங்கினார். பாலம் இல்லையென்ற ஏட்டிலேயே பாலத்துக்குப் பெயர் சூட்டப்பட்டது!

மூன்றாவது குறையே பெரிது. கடந்தகாலம் ஏமாற்றந் தந்தது என்பது ஒரு செய்தி. வருங்காலமும் வறிது என்பது வேறொரு செய்தி. முன்னதற்குச் சான்று காட்டிய ஆசிரியர், பின்னதற்கும் அச்சான்றே போதுமெனக் கொண்டார். விளையாத நிலம் வித்தின் குறையால் விளையவில்லையா, மழையின் குறையால் விளையவில்லையா என்று ஆராயாமலே நிலத்தைக் கைவிடச் சொல்வது போன்றது இது.

அவ்வாண்டே இலண்டன் றோயல் நிறுவனத்தில் நிகழ்ந்த விவாதத்தில் மிச்சியும், அமெரிக்காவின் ஜோன் மக்காதியும், றிச்சட் கிறெகரியும் லைற்ஹிலை மறுத்துரைத்தனர். எனினும் அறிக்கையின் வாக்கே வென்றது. எடின்பரோ முதலிய சில இடங்களில் மட்டுமே இத்துறை குறைந்த வளத்தோடு உயிர்தரித்தது.

இத்தகைய நிகழ்ச்சி அந்நாட்டுக்குப் புதிதன்று. சார்ள்ஸ் பபேஜின் கணிக்கும் பொறிக்குப் பிரித்தானிய அரசு ஏறக்குறைய 17,000 பவுண் செலவிட்டபின், 1842இல், வானியலறிஞர் ஏரி அது பயனற்றதென உரைக்க, உதவி நின்றது. பபேஜும் குறையற்றவரல்லர், ஒன்றை முடிக்குமுன் வேறொன்றிலே மனஞ்செலுத்தினார். ஆயினும் அவர் பின்னர் வரைந்த இரண்டாம் பொறியை இலண்டன் விஞ்ஞான அரும்பொருட்சாலை 1991இல் அமைத்தபோது அது பிழையின்றிக் கணித்தது. பபேஜும் ஏரியும் லைற்ஹிலும் வெவ்வேறு காலங்களில் ஒரே லூக்காசியன் பதவியை வகித்தவர்கள் என்பது நினைக்கத்தக்கது. புலமை மிக்கோரும் பிறருடைய புதுமையை அளக்குமிடத்துத் தவறுதல் இயல்பே.

பொருளை வாரியிறைத்தால் குறை தீருமோவெனின், அதுவுமன்று. யப்பான் 1982இல் ஐந்தாந் தலைமுறைக் கணனித் திட்டத்தைத் தொடங்கியது. அதுகண்டு அஞ்சிய பிரித்தானியா, மறு ஆண்டே அல்வித் திட்டத்தின்கீழ் அரசும் தொழிற்றுறையும் சேர்ந்து 350 மில்லியன் பவுண் செலவிட முன்வந்தது. பத்தாண்டு முன் பயனற்றதெனக் கழித்த துறை, அச்சத்தினால் திடீரென அரும்பொருளாயிற்று. யப்பானியத் திட்டமோ தான் குறித்த பெருநோக்கை அடையாமலே முடிந்தது. வெறுத்து நிறுத்துவதும் வெருண்டு கொடுப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

வேறொரு நெறியும் உண்டு. லொங்கே-ஹிகின்ஸிடம் 1970களில் ஆராய்ச்சி மாணவராயிருந்தவர் ஜெப்றி ஹின்ரன். மூளையின் நரம்பு வலையைப் பின்பற்றிக் கணனியைக் கற்பிக்கலாம் என்னும் அவருடைய கொள்கையில் ஆசிரியருக்கே நம்பிக்கை குன்றியிருந்தது. பிரித்தானியாவில் இடம் வாய்க்காமையால் அவர் அமெரிக்கா சென்றார். 1987இல் கனடாவின் ரொறன்ரோவை அடைந்தார். அறிக்கையொன்றே அவரைப் புறத்தே போக்கியது என்றல் மிகை; அது விட்டுச்சென்ற வறட்சி துணைசெய்தது என்றல் தகும். 2004இல், அக்கொள்கை பலராலும் கைவிடப்பட்டிருந்த வேளையில், கனடிய மேம்பட்ட ஆய்வு நிறுவனம் அவர் தலைமையில் ஒரு சிறு குழுவினரை ஒன்றுகூட்டி ஆதரித்தது. 2012இல் அவரும் அவர் மாணவர் இருவரும் அமைத்த நரம்பு வலை, படங்களை இனங்காணும் போட்டியிலே பிழையை நூற்றுக்கு 15.3 ஆகக் குறைத்தது. அடுத்து வந்தோரின் பிழை 26.2. 2024இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு ஜோன் ஹொப்பீல்டுக்கும் ஹின்ரனுக்கும் வழங்கப்பட்டது.

திருக்குறளிலே ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது ஆளை ஆராய்ந்து தேர்தலைக் கூறும். பின்னது தேர்ந்தவனுக்கு ஏற்ற வினையை அவனிடம் ஒப்படைத்தலைக் கூறும். லைற்ஹில் அறிக்கையும் அதனை ஏற்ற மன்றமும் ஆராய்தலோடு நின்றன. ஒப்படைக்கும் துணிவு அவற்றுக்கு இருந்ததில்லை. ஆராயாது கொடுத்தல் மடமை, அதனை மறுப்பாரில்லை. ஆனால் ஆராய்வோர் துறைக்கு உள்ளிருப்போரும் புறத்திருப்போருமாகப் பலராதல் வேண்டும். ஒருவர் தீர்ப்பினால் எல்லா வாயிலும் அடைபடாதிருத்தல் வேண்டும். தெரிந்தெடுத்த சிலருக்குச் சிறு பொருளேனும் நெடுங்காலம் கிடைத்தல் வேண்டும்.

ஆசிரியராவோர்க்கும் இஃது அயலான செய்தியன்று. தாம் நம்பாத வழியிலே செல்லும் மாணவனை ஒவ்வோராசிரியரும் ஒருநாள் எதிர்ப்படுவர். அவனுடைய பிழைகளைக் காட்டுதல் அவர் கடமை. அவ்வழியை அடைத்துவிடுதல் அக்கடமையுள் அடங்காது.