நான்காம் வேற்றுமையில் ஒரு தொழிலாளி

1

சட்டத்தை நாம் பிரதியாக வாசிப்பதில்லை. வக்கீல்கள் வாசிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். கவிதையில் ஓர் உருபு தொக்கி நிற்பதற்குப் பத்துப் பக்கம் எழுதுகிற நாம், ஒரு குடும்பத்தின் கூரையையும் பிரசவத்தையும் தீர்மானிக்கிற வாக்கியங்களின் இலக்கணத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நலச் சட்டம் என்றதும் தோழர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. போராடிப் பெற்ற உரிமை, கேள்வி கேட்காதே. அல்லது, முதலாளியம் வீசுகிற எலும்புத்துண்டு, அதை ஏன் பேசுகிறாய். இரண்டிலுமே வாசிப்புக்கு இடமில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம், குடியிருப்பு எல்லாம் அதில் உண்டு. இந்தப் பகுதிகளில் எழுவாய் யார் என்று பாருங்கள். முதலாளி. முதலாளி தொழிலாளிக்கு வீடு தர வேண்டும், தொழிலாளியின் பிள்ளைக்கு இடம் தர வேண்டும். கொடுக்கிறவன் எழுவாய், தொழிலாளி நான்காம் வேற்றுமை. அந்த வேற்றுமைக்கு நம் இலக்கணக்காரர்கள் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை. அடுத்தது பகை. இரண்டுக்கும் உருபு ஒன்றுதான். இந்த ‘கு’ எப்போது கொடையாக இருக்கிறது, எப்போது பகையாகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

2

கன்னிவாடியிலிருந்து பார்த்தால் பழனிமலையின் கீழ்மலை கைக்கெட்டும் தூரம். தருமத்துப்பட்டி வழியாக ஏறினால் ஆடலூர், பன்றிமலை. காபி, மிளகு, மலைவாழை. ‘மலை வேலைக்குப் போறோம்’ என்று கிளம்புகிற அடிவாரத்துப் பெண்களும், மலையிலேயே இருக்கிற பளியர்களும் பழம் பறிக்கிற சரிவுகள். வால்பாறையைப் போலக் கம்பெனி எஸ்டேட்டுகள் ஆண்ட மலையல்ல இது. சிறு தோட்டங்கள் மலிந்தது. இந்தியாவின் காபித் தோட்டங்களிலேயே சுமார் 98 சதவீதம் பத்து ஹெக்டேருக்குக் குறைந்தவைதான்.

சட்டமோ எண்ணத் தெரிந்த சட்டம். 1951இல் 25 ஏக்கர், 30 ஆட்கள் இருந்தால்தான் ‘தோட்டம்’. 1981 திருத்தம் அதை 5 ஹெக்டேர், 15 ஆட்கள் என்று இறக்கியது. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. 5 ஹெக்டேர் மட்டும் கரையவில்லை. அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரில் பட்டா பிரிந்துவிட்டால் ஒரே சரிவு மூன்று நிலமாகிவிடும், எதுவும் தோட்டமாகாது. செடி அதே செடி, சுமை அதே சுமை. குறைந்தபட்சக் கூலிக்கு இந்த எண்கள் தடையில்லை என்பது உண்மைதான். ஆனால் வீடும் காப்பகமும் மருத்துவமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகின்றன.

காப்பகத்துக்கும் பழைய சட்டத்தில் ஓர் எண் இருந்தது: ஐம்பது பெண்கள், அல்லது அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட இருபது பிள்ளைகள். நாற்பத்தொன்பது பெண்கள், பத்தொன்பது பிள்ளைகள் என்றால்? அந்தப் பத்தொன்பதும் எங்கே தூங்கும்? செடிக்கு நடுவே கட்டின சேலைத் தூளியில். இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டிலிருக்கிற அக்காவின் இடுப்பில். சட்டம் தராத காப்பகத்தை ஒன்பது வயதுப் பெண்பிள்ளை நடத்துகிறாள். அவளுக்குக் கூலி கிடையாது, எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. குடும்பத்தின் மேல் சட்டத்தின் விளைவு என்பதை நாம் எப்போதும் சட்டம் செய்ததில் தேடுகிறோம். செய்யாமல் விட்ட இடத்தில் தேடவேண்டும்.

பிரசவமும் இப்படித்தான். வரையறைக்குள் வந்தவளுக்கு, 2017 திருத்தத்துக்குப் பிறகு, கூலியோடு 26 வாரம் விடுப்பு. மூன்றாவது பிள்ளைக்கு அது 12 வாரமாகும். வெளியே நிற்பவளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான அரசு நிதியுதவி. அது இரண்டு பிரசவத்தோடு நின்றுவிடும். முன்னவள் உரிமையுள்ளவள், பின்னவள் ‘பயனாளி’. வயிறு ஒன்றுதான், சொல் இரண்டு.

3

அதிகாரம் தடுக்க மட்டும் செய்வதில்லை, உற்பத்தியும் செய்கிறது என்றார் ஃபூக்கோ. இந்தச் சட்டம் உற்பத்தி செய்த பொருள்களில் ஒன்று குடும்பம். யார் குடும்பம்? கணவன் அல்லது மனைவி, பதினெட்டு வயது முடியாத பிள்ளைகள். தொழிலாளி ஆணாக இருந்தால் அவனை அண்டியிருக்கிற பெற்றோரும் குடும்பம். பெண்ணாக இருந்தால் அவளைப் பெற்றவர்கள் குடும்பமில்லை. 2010 திருத்தம் வரும்வரை சட்டம் இப்படித்தான் சொன்னது. கொழுந்து கிள்ளுவதிலும் பழம் பறிப்பதிலும் பெண்களே அதிகமாக இருக்கிற ஒரு தொழிலில், அந்த உழைப்பால் வந்த மருத்துவம் அவளுடைய மாமியாருக்கு மகன் வழியாகப் போகும், அவளுடைய அம்மாவுக்குப் போகாது. ‘பொம்பளப் பிள்ள வீட்டுல சோறு திங்கலாமா’ என்று ஊர் சொல்வதை நாடாளுமன்றம் ஆங்கிலத்தில் சொன்னது, அவ்வளவுதான். மரபை உடைக்க வந்ததாகச் சொல்லப்பட்ட நவீனச் சட்டம் மரபின் வாயாலேயே பேசியிருக்கிறது.

4

அப்படியானால் வரையறைக்குள் வந்தவர்கள் தப்பித்தார்களா? மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு. பம்பாய் பர்மா கம்பெனியின் எஸ்டேட். எண்ணிக்கைக்குக் குறைவில்லை, வீடு உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். 2024இல் கம்பெனி ‘விருப்ப ஓய்வு’ கொடுத்துத் தோட்டத்தை மூடியது. கூடவே வந்தது வீட்டைக் காலி செய் என்ற பேச்சு.

மூன்று நான்கு தலைமுறை பிறந்து செத்த வீடு ஏன் அவர்களுடையதாக இல்லை? சட்டம் வீட்டை வேலையோடு கட்டிப்போட்டிருந்தது. வீடு போய்விடக் கூடாது என்பதற்காகவே ஒரு பிள்ளை எஸ்டேட்டில் பேர் பதியவேண்டும். அப்பன் செக்ரோலிலிருந்து மகன் செக்ரோல். வேலை போனால் அதே நாளில் முகவரியும் போகும். கொடைக்கான ‘கு’ பகைக்கானதாக மாறுவதற்குச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. எழுவாய் எழுந்து போனால் போதும்.

5

மறுபக்கம் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். குறைகள் எத்தனையோ உண்டு. நூறு நாள் என்பது ஆளுக்கில்லை, குடும்பத்துக்கு; ஆகவே மாமியாரும் மருமகளும் ஒரே நூறைப் பங்குபோட வேண்டியிருந்தது. இருந்தாலும் அதன் வாக்கியம் வேறு. வேலை கேட்பவர் அங்கே எழுவாய். கேட்டால் பதினைந்து நாளில் வேலை, இல்லையென்றால் படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஐந்து பிள்ளைகள் இருந்தாலே பார்த்துக்கொள்ள ஓர் ஆள். தமிழ்நாட்டில் இந்த வேலை நாட்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்களுடையதாக இருந்தது தற்செயலல்ல. தோட்டக்காரர் சொல்கிற கூலிக்குத்தான் போகவேண்டும் என்கிற நிலையில், ‘வரல’ என்று சொல்ல ஒரு சொல் கிடைத்தது. ‘நூறு நாள் வேலையால சனம் சோம்பேறியாப் போச்சு’ என்று டீக்கடையில் புலம்பியவர்களுக்கு வலித்தது இந்தச் சொல்தான்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதன் இடத்தில் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நாட்கள் 125 ஆகின்றன. பெரும்பாலான மாநிலங்களுக்குச் செலவில் 40 சதவீதம் தலையில் ஏறுகிறது. விதைப்பு, அறுப்புக் காலத்தில் மொத்தம் 60 நாள்வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். கூலி கேட்கப் பலம் கிடைக்கிற அதே பருவத்தில் சட்டம் ஓய்வெடுக்கும். எழுவாயாக இருந்தவளை மறுபடியும் நான்காம் வேற்றுமைக்குத் தள்ளுகிற வேலையை 125 என்ற பெரிய எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செய்கிறார்கள்.

6

நலச் சட்டமே வேண்டாம் என்பதல்ல நான் சொல்வது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யையும், பி.எச். டேனியலின் நாவல் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆனதையும் வாசித்தவர்கள் சட்டத்துக்கு முந்தைய காலத்துக்கு ஏங்க மாட்டார்கள். ஆனால் கங்காணியின் பிரம்பை எழுதிய அளவுக்கு நம் எழுத்து செக்ரோலை எழுதவில்லை. பிரம்பு கண்ணுக்குத் தெரிகிறது, எண் தெரிவதில்லை. பதினைந்தாவது ஆளை வேலைக்குச் சேர்க்காமல் நிறுத்துகிற கையில் ரத்தம் இருப்பதில்லை.

சங்கத் தோழர்கள் ‘சட்டத்தை அமல்படுத்து’ என்று மட்டும் கேட்பது கீழ்மலைக்குப் போதாது. அங்கே அமல்படுத்தினால் கிடைப்பது விலக்குத்தான். வீட்டை வேலையிலிருந்து பிரித்து ஆளின் பேரில் எழுது. காப்பகத்தை முதலாளியின் ஆள்கணக்கிலிருந்து பிரித்து பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வை. குடும்பத்தை உழைக்கிறவளே சொல்லட்டும். ஏக்கரும் தலைக்கணக்கும் இல்லாத வரையறையைக் கேட்பதிலிருந்துதான் கீழ்மலையில் சங்கம் தொடங்க முடியும்.